கிளம்பிய நேரம்

பையின் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. பெரியவள் குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, ஈரத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள். வாயில் மண் நறநறத்ததுதான் மிச்சம். அப்பாவின் பையல்லவா, அவரைப் போலத்தான் இருக்கும். ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் யார் சொன்னாலும் நகராது.

கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அப்பா படுத்திருந்தார். முந்தாநாள் மழையில் கால்வாய் உடைந்து தெருவுக்குள் புகுந்த தண்ணீர் அவரை இழுத்துக்கொண்டு போனது. நேற்றுக் காலை தெருக்கோடி மதிலோரம் கண்டெடுத்தார்கள். இன்று காலை மருத்துவமனை வண்டி கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது. கூடத்துச் சுவரில் ஜன்னல் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. தரையை நான்கு முறை கழுவியும் சேற்று நாற்றம் போகவில்லை. மயானத்துக்கு மூன்றரை மணிக்கு வண்டி சொல்லியிருந்தார்கள்.

பையைக் கொடுத்தவர் மருத்துவமனை ஊழியர். "இதுவும் அவரோடதுதாம்மா. தோள்லயே மாட்டியிருந்தாரு. கழட்டுறதுக்குள்ள எங்களுக்கு வேர்த்துருச்சு" என்றார். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டாள்.

கடைசியில் கத்தரிக்கோலை எடுத்து ஜிப்பின் ஓரத்துத் தையலை வெட்டினாள். உள்ளே எல்லாம் பாலித்தீன் உறைகளில் தனித்தனியாகக் கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு இருந்தது. அடையாள அட்டைகள். ஆறு நாளைக்கான ரத்த அழுத்த மாத்திரைகள், காலை, மாலை என்று பிரித்து. டார்ச். அதற்குத் தனியாக நாலு பேட்டரி. இரண்டு பாக்கெட் பிஸ்கட், ஒரு துண்டு, உறையில்லாமல் சேறு படிந்த ஒரு விசில். எல்லாவற்றுக்கும் அடியில், தடிமனான உறைக்குள், ஒரு சொட்டு ஈரம் படாமல் ஒரு தாள்.

தாளின் ஒரு பக்கம் அவள் எழுதியது. வானிலை மையத்துத் துண்டுப் பிரசுரம், 'வெள்ள அபாயம்: தயார்நிலைப் பட்டியல்', பன்னிரண்டு அம்சங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள்தான் உட்கார்ந்து எழுதினாள். ஊர் முழுக்க விநியோகித்தார்கள். பெரும்பாலானவை பொட்டலம் கட்டத்தான் உதவின.

மறுபக்கம் அப்பா எழுதியது. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். வரிசை எண், பொருள், தயாரான நேரம். அடையாள அட்டை, 12.05. மாத்திரை, 12.12. இப்படியே பன்னிரண்டாவது வரை. வீட்டு மெயின் சுவிட்ச் அணைத்தது, 1.40. அதற்குக் கீழே நாலு வரி.

ஆரஞ்சு அறிவிப்பு: 11.30
சிவப்பு அறிவிப்பு:
கிளம்பிய நேரம்:
போய்ச் சேர்ந்த நேரம்:

முதல் வரியைத் தவிர மற்ற மூன்றும் காலியாக இருந்தன.

பெரியவள் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தாளை மடிக்காமல் உறையில் போட்டு, இடுப்போடு செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

*

அப்பா முப்பத்தோரு வருடம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். தகரக் கொட்டகை, ஒரு மேஜை, ஒரு கடிகாரம், ஒரு விசில். அவர் விசில் ஊதினால்தான் பஸ் நகரும். தெருவில் அவருக்கு 'டைமு' என்று பெயர். ஒருமுறை அம்மாவே பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஊரில் அவள் அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது, கொஞ்சம் முன்னால் அனுப்புங்கள் என்று கெஞ்சினாளாம். "குழந்தை அது டைமுக்கு வரும், பஸ் இது டைமுக்குப் போகும்" என்று சொல்லிவிட்டாராம் மனிதர். இந்தக் கதையை அம்மா கோபமாகத்தான் சொல்ல ஆரம்பிப்பாள். முடிக்கும்போது சிரித்துவிடுவாள்.

பெரியவளுக்கு வானிலை மையத்தில் அறிக்கை எழுதும் வேலை. கணக்குப் போடுகிறவர்கள் போட்டுக் கொடுப்பதை, ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். எழுதினால் மேலே இருப்பவர் புரியாத மாதிரி திருத்துவார். நிறங்களைப் பற்றி அவள் முதன்முதலில் விளக்கியது அப்பாவுக்குத்தான். மஞ்சள் என்றால் கவனியுங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் உடனே கிளம்புங்கள்.

அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "அட, இது நம்ம டிப்போ கணக்கால்ல இருக்கு! மஞ்சள்னா வண்டி ஷெட்ல நிக்குது. ஆரஞ்சுன்னா டிரைவர் ஏறியாச்சு. சிவப்புன்னா விசில்" என்றார். தெரு முழுக்கப் போய்ச் சொன்னார். தெரு சிரித்தது. இந்த ஊரில் அந்தப் பிரசுரத்தை எழுத்துக்கு எழுத்து மனப்பாடமாக வைத்திருந்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவர்தான் நடுக்கூடத்தில் கிடக்கிறார். இதை எங்கே போய்ச் சொல்லி அழ?

*

கூடத்தில் சித்தப்பா பேசிக்கொண்டிருந்தார். அவருக்குத் துக்க வீட்டிலும் தலைமை தாங்கிப் பழக்கம்.

"நம்ம ஆளுங்க எப்பவுமே இப்படித்தான். ரேடியோல சொல்றான், டிவில சொல்றான். கேட்டாத்தானே? அண்ணனும் அப்படித்தான். பொண்ணு அந்த ஆபீஸ்லயே இருக்கா. அப்பவும் வீட்டைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு பாருங்க."

அப்பாவின் தலைமாட்டில் அம்மா. வெள்ளத்தன்று அவள் வெளியூரில், பெரியவளின் தம்பி வீட்டில் இருந்தாள். வந்ததிலிருந்து அதிகம் பேசவில்லை. தம்பிதான் பொரிந்துகொண்டிருந்தான்.

"நான் அவரைத் திட்டித் தீக்கணும் சித்தப்பா. எழுந்து வந்தா கன்னத்துல ரெண்டு போடணும்போல இருக்கு. ஆரஞ்சு குடுத்திருக்காங்க. எதிர் வீட்டு மாடிக்குப் போயிருக்கலாம். என்ன பிடிவாதம் இது?"

எதிர்வீட்டு மாடியில் இருப்பவள் தையல்காரம்மா. சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். பெரியவளையே பார்த்தாள். அந்தப் பார்வை பெரியவளுக்குப் புரிந்தது. முந்தாநாள் இரண்டேகால் மணிக்கு மாடியிலிருந்து தையல்காரம்மா குரல் கொடுத்திருக்கிறாள், மேலே வந்துவிடுங்கள் என்று. அப்பா ரெயின்கோட் போட்டு, ஷூ மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். "பொண்ணு கிட்ட பேசிட்டேம்மா. அரை மணி நேரத்துல சிவப்பு வந்துரும்னு சொல்லியிருக்கா. ஸ்கூல்ல இடம் திறப்பாங்க. நீயும் பசங்களைக் கூட்டிக்கிட்டு ரெடியா இரு" என்று பதில் சொன்னாராம். நேற்று இரவே பெரியவளின் காதில் இதைச் சொல்லிவிட்டாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஆக, இந்த வீட்டில் அது தெரிந்தவர்கள் இரண்டு பேர். அப்பாவின் போன் தண்ணீரில் செத்துவிட்டது.

முந்தாநாள் பிற்பகல் இரண்டு பத்து. பெரியவள் ஆபீஸில், அவள் எழுதுவதைத் திருத்துகிற துணை இயக்குநரின் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. "என்னம்மா, நான் ரெடி. ஒண்ணு நாப்பதுக்கே எல்லாம் முடிச்சாச்சு. விசில் எப்ப?"

"அரை மணி நேரத்துல வந்துரும்ப்பா."

"மழை பேய் மாதிரி கொட்டுது. இப்பவே கிளம்பிரட்டுமா?"

கேட்டார். கேட்கத்தான் செய்தார். துணை இயக்குநர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறிவிப்பு வெளியாகும் முன் சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லக்கூடாது என்பது ஆபீஸ் விதி. போன வருடம் ஒருத்தருக்கு அதற்காக மெமோ கொடுத்தார்கள். அதோடு, சிவப்பு அறிவித்தால்தான் மேட்டுப் பள்ளிக்கூடத்தின் பூட்டைத் திறப்பார்கள். இப்போது போனால் கொட்டும் மழையில் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். எப்படியும் அரை மணியில் சண்டை போட்டு சிவப்பு அறிவிப்பை வாங்கிவிடலாம் என்று அவளுக்குத் திமிரான ஒரு நம்பிக்கை.

"கொஞ்சம் இருங்கப்பா. ரெடியாவே இருங்க."

"சரிம்மா, நீ சொன்னா சரி."

தண்ணீர் தெருவுக்குள் வந்தது மூன்று ஐம்பதுக்கு. சிவப்பு வெளியானது நான்கு முப்பத்தைந்துக்கு.

*

ஒன்றரை மணிக்குத் துணை இயக்குநர் வந்தார். மலர் வளையம் வைத்தார். அம்மாவின் முன்னால் கைகூப்பி நின்றார். பொய்யாக நிற்கவில்லை, கண் கலங்கித்தான் இருந்தது. பிறகு பெரியவளிடம் தாழ்ந்த குரலில், "ஒரு அஞ்சு நிமிஷம் பேசணுமேம்மா" என்றார். அவள் அவரை சமையலறைக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. இரண்டு பேரும் நின்றுகொண்டே பேசினார்கள்.

கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "பத்திரிகைக் குறிப்பு. சாயங்காலம் போகணும். அன்னைக்கு வரைவு எழுதின அலுவலர்ங்கிற முறையில உங்க கையெழுத்து வேணும். இந்த நேரத்துல கேக்கக்கூடாதுதான். மேல இருந்து நச்சரிக்கிறாங்க."

படித்தாள். மூன்றாவது பத்தியில் கண் நின்றது. 'உயிரிழந்த ஐவரும், உரிய நேரத்தில் விடுக்கப்பட்ட எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் தத்தம் வீடுகளிலேயே தங்கியிருந்ததாகத் தெரியவருகிறது.'

"இது பொய் சார்."

"எது பொய்? ஆரஞ்சு பதினொண்ணரைக்கே குடுத்துட்டோம்."

"நான் எழுதினது என்ன, போனது என்ன? கால்வாய் ஓரத்துத் தெருக்கள்ல நாலு மணிக்குள்ள ஜன்னல் உயரத்துக்குத் தண்ணி வரலாம், மூணு மணிக்குள்ள வெளியேறுங்கன்னு எழுதினேன். பதினொரு மணிக்கு எழுதினேன். நீங்க அடிச்சுட்டு என்ன போட்டீங்க? ஓரிரு இடங்களில் கன முதல் மிகக் கனமழை பெய்யக்கூடும், பொதுமக்கள் தயார் நிலையில் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இதைக் கேட்டு எவனாவது செருப்பையாவது உள்ள எடுத்து வச்சிருப்பானா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. "ரெண்டு மாசம் முன்னாடி சிவப்பு குடுத்தோமே, ஞாபகம் இருக்கா? பள்ளிக்கூடம் மூடினாங்க, கடையெல்லாம் மூடினாங்க. சுள்ளுனு வெயில் அடிச்சுது. டிவில நம்மளை வச்சு ஒரு வாரம் சிரிச்சாங்க. அடுத்த தடவையும் அப்படி ஆனா எவன்மா நம்மளை நம்புவான்? நானும் அதை யோசிச்சுத்தானே ஆகணும்? நான் தப்புப் பண்ணிட்டேன்தான். ரெண்டு நாளா எனக்கும் தூக்கமில்ல."

"சிரிப்புக்குப் பயந்து அஞ்சு பேரை அனுப்பிட்டோம்."

அவர் கோப்பை மூடினார். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னார். "உங்க நல்லதுக்கும்தான் சொல்றேன். அன்னைக்கு ரெண்டு பத்துக்கு உங்களுக்கு ஒரு போன் வந்துச்சு. என் முன்னாடிதான் பேசினீங்க. நான் அதை எங்கயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். இப்படியே விட்டா, அப்பா சொல் பேச்சுக் கேக்காத மனுஷன்னு போயிரும். நாலு நாள்ல எல்லாரும் மறந்துருவாங்க. உங்களுக்கும் வீட்ல நிம்மதியா இருக்கும். இல்லேன்னா அம்மா முகத்துல எப்படி முழிப்பீங்க?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பல்ல. எவ்வளவு வசதியான ஏற்பாடு! செத்தவர் வந்து மறுக்கப் போவதில்லை. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். முப்பத்தோரு வருடம் ஒரு நிமிஷம் முன்னே பின்னே போகாத மனிதர், பேச்சுக் கேட்காதவர் என்று பேர் வாங்கிக்கொண்டு போவார். மகள் நிம்மதியாக இருப்பாள்.

"நாளைக்கு என்ன?" என்றாள் திடீரென்று.

"என்னது?"

"கடல்ல இன்னொரு புயல் சின்னம் கிளம்பியிருக்கே. காலையில கணக்குப் பாத்திருப்பீங்கல்ல?"

"அது..." என்று இழுத்தார். "நாளைக்கு மத்தியானத்துக்கு மேல. வந்தா அன்னைக்கு மாதிரிதான். கால்வாய்க் கரை வேற உடைஞ்சு கிடக்கு. ஆனா வாய்ப்பு முப்பது சதவீதம்தான். அதனால மஞ்சள்னு..."

"மஞ்சளா?"

"முப்பதுக்கு வேற என்னம்மா குடுக்க முடியும்?"

பெரியவள் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள். மூன்றாவது பத்தியை, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, தாள் கிழிகிற அழுத்தத்தில் அடித்தாள். பேனாவைத் திரும்ப அவர் பையிலேயே செருகிவிட்டு, தாளைக் கையில் கொடுத்தாள். "எங்க அப்பா தலையில இதைக் கட்ட நான் விடமாட்டேன் சார். வேணும்னா என் தலையில கட்டுங்க."

*

கூடத்துக்கு வந்தவள் உட்காரவில்லை. அப்பாவின் காலடியில் நின்றாள். இடுப்பிலிருந்து உறையை எடுத்தாள்.

"சித்தப்பா, இதைப் படிங்க. சத்தமா."

சித்தப்பா கண்ணாடியைத் துழாவி மாட்டிக்கொண்டு படித்தார். ஆரம்பத்தில் சபைக்குப் படிக்கிற குரல். மாத்திரை 12.12, டார்ச் 12.20 என்று வந்ததும் குரல் இறங்கிவிட்டது. ஒன்று நாற்பது வந்தபோது நிறுத்திவிட்டார். "அதுக்கு மேல?" என்றான் தம்பி.

"அதுக்கு மேல காலிடா" என்றார் சித்தப்பா.

"ஏன் காலின்னு நான் சொல்றேன்" என்றாள் பெரியவள். "ரெண்டு பத்துக்கு அப்பா எனக்குப் போன் பண்ணினாரு. இப்பவே கிளம்பட்டுமான்னு கேட்டாரு. நான்தான் இருங்கன்னு சொன்னேன். அரை மணி நேரத்துல சிவப்பு வரும், அதுவரைக்கும் ரெடியா இருங்கன்னு. வரல. அவரு பேச்சுக் கேக்காம சாகல. பேச்சைக் கேட்டுத்தான் செத்தாரு. ஆபீஸ் சொன்னதை, நான் சொன்னதை, ஒரு எழுத்து விடாம கேட்டாரு. இனிமே யாரும் அவரைப் பிடிவாதக்காரர்னு சொல்லாதீங்க."

சமையலறை வாசலில் துணை இயக்குநர் தாளைப் பிடித்தபடி நின்றிருந்தார். தம்பி எழுந்தான். அடிக்கப்போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள், அடிக்கட்டும் என்றும் நினைத்தாள். அவன் அவளைத் தாண்டிக்கொண்டு வாசலுக்குப் போய், அங்கிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதான்.

அம்மா தலையைத் தூக்கினாள். "மாத்திரை எடுத்து வச்சிருந்தாரா?"

"ஆறு நாளைக்கு. காலை, மாலைன்னு பிரிச்சு வச்சிருந்தாரும்மா."

"நான் வீட்ல இருந்தா ஒரு நாள்கூட அவரா எடுத்ததில்ல." அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு பெரியவளிடம் திரும்பினாள். குரல் கடுகடுவென்று இருந்தது. "இதை ரெண்டு நாளா வயித்துல வச்சுக்கிட்டா சுத்தினே? சோறு தண்ணி இறங்கியிருக்காதே. வா இங்க. உக்காரு."

பெரியவள் உட்கார்ந்தாள். அம்மா அவளை அணைக்கவில்லை. அவள் விரல்களிலிருந்த சேற்றைத் தன் சேலை நுனியால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள்.

*

வண்டி மூன்று பத்துக்கே வந்துவிட்டது. எல்லாம் ஆயிற்று, ஏற்றியாயிற்று. ஓட்டுநர் சாவியைத் திருகப் போனார்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றாள் அம்மா.

"ஏம்மா, ஆக வேண்டியது எல்லாம் ஆச்சேம்மா."

"மூணரைன்னு சொல்லியிருக்கு. முன்னாடி எடுத்தா அவருக்குப் பிடிக்காது."

யாரோ சிரித்துவிட்டார்கள். அதைத் தொடர்ந்து நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். தெருவே அங்கேதான் நின்றது. தெருமுனையில் காலையிலிருந்து காத்திருந்த டிவி நிருபர் பெண் கேமராவோடு கிட்டே வந்தாள். துணை இயக்குநர் தன் கார் பக்கத்தில் நின்றபடி பெரியவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தார்.

பெரியவள் வண்டியின் பின்படியில் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. கேமராம்மா, நீங்களும் எடுத்துக்கோங்க. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல மறுபடி மழை வரலாம். வந்தா முந்தாநாள் மாதிரிதான் வரும். அறிக்கையில மஞ்சள்னு போடுவாங்க. நிறத்தைப் பாக்காதீங்க. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள கால்வாய் ஓரம் இருக்கிற எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க."

"உறுதியா வருமாக்கா?" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தர் கேட்டார். பால் பூத்காரர். முந்தாநாள் மொத்தச் சரக்கையும் இழந்தவர்.

"உறுதியில்ல. பத்துக்கு மூணு."

"அவ்வளவுதானா? அப்ப வராதுன்னு சொல்லுங்க!"

பெரியவள் வண்டிக்குள் ஒருமுறை பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"ரோட்டுல பத்து பஸ் வரிசையா வருது. அதுல மூணு பஸ்ஸுக்கு பிரேக் இல்ல. எந்த மூணுன்னு யாருக்கும் தெரியாது. பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு ரோட்டைக் கடப்பீங்களா?"

பால் பூத்காரர் திரும்பித் தன் கடையைப் பார்த்தார்.

"வரலாம், வராமலும் போகலாம். வரலைன்னா நாளைக்குச் சாயங்காலம் நேரா இங்க வாங்க. இந்த வாசல்லயே உக்காந்திருப்பேன். வாயில வந்தபடி திட்டுங்க. திட்டுறதுக்கு நீங்க உயிரோட இருக்கணும், எனக்கு அது போதும். ஆபீஸ்ல என்னை என்ன பண்ணுவாங்களோ பண்ணிக்கட்டும்."

"மூணரை" என்றாள் அம்மா.

தம்பி அப்பாவின் பையிலிருந்து விசிலை எடுத்திருந்தான். வாயில் வைத்தான். முதலில் வெறும் காற்றும் சேறும்தான் வந்தது. துப்பிவிட்டு மறுபடி ஊதினான். வண்டி நகர்ந்தது.

*

மறுநாள் காலையிலேயே மெமோ வந்தது. அனுமதியின்றி ஊடகத்திடம் பேசியது, அதிகாரபூர்வ அறிவிப்புக்கு முரணாகப் பொதுமக்களைப் பீதியடையச் செய்தது, மூன்று நாட்களுக்குள் விளக்கம் தேவை. பெரியவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். கொண்டுவந்த ஊழியர், போகும்போது, "எங்க வீட்லயும் மாமியாரைக் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போகச் சொல்லிட்டேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளித் தலைமையாசிரியை முந்தைய நாள் டிவியில் பார்த்துவிட்டு, யார் உத்தரவும் இல்லாமல் பூட்டைத் திறந்துவிட்டிருந்தாராம்.

பதினொரு மணியிலிருந்து தெரு கிளம்பியது. பாய், அடுப்பு, அட்டைப் பெட்டி, முனகல், சண்டை. பால் பூத்காரர் கடையைப் பூட்டும்போது பெரியவள் காதுபட, "ஒரு நாள் வியாபாரம் போச்சு" என்றார். ஆனால் பூட்டினார். பன்னிரண்டு மணிக்கு அம்மாவும் பெரியவளும் தம்பியும் கடைசியாகப் போனார்கள்.

ஒரு மணிக்கு வானம் கறுத்தது. இரண்டு மணிக்குக் காற்று அடித்தது. வகுப்பறை ஜன்னல்கள் படபடத்தன. எல்லாரும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பெரியவள் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்கு மேகம் வடக்கே நகர்ந்து போனது. மூன்றரைக்கு, என்னமோ கல்யாண வீட்டு விளக்கு மாதிரி, பளீரென்று வெயில் அடித்தது.

மழை ஒரு சொட்டுகூட இல்லை.

நான்கு மணி தாண்டியதும் பெரியவள் வீடு திரும்பிவிட்டாள். அப்பாவின் நாற்காலியை வாசலில் போட்டாள். ஒரு அட்டையில் வெள்ளைத் தாளைச் செருகி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். வீட்டு எண், கிளம்பிய நேரம், வந்த நேரம், ஆட்கள். முதல் இரண்டையும் ஞாபகத்திலிருந்து நிரப்பினாள். எந்த வீடு எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று காலையில் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

பால் பூத்காரர்தான் முதலில் வந்தார். தலையில் பாய், கையில் பாத்திரக் கூடை, வேர்வையில் குளித்திருந்தார். வாசலுக்கு நேரே நின்றார்.

"நல்லா இருக்குக்கா! ரொம்ப நல்லா இருக்கு! உங்க வெள்ளத்துல துணி காயப்போடலாம் போல. பச்சைக் குழந்தையோட ஒரு நாள் பூரா பெஞ்சு மேல உக்கார வச்சுட்டீங்களே, உங்களுக்கே நியாயமா இது?"

"மணி என்ன?"

"என்னது?"

"வந்த நேரம் எழுதணும். உங்க கையில கடிகாரம் இருக்குல்ல, மணி பாத்துச் சொல்லுங்க."

அவர் முறைத்தார். பிறகு பாயை இறக்கி வைத்துவிட்டு மணிக்கட்டைத் திருப்பினார். "நாலு இருபத்திரண்டு."

எழுதினாள். "எத்தனை பேரு?"

"நாங்க அஞ்சு பேரும்தான். வேற யாரு இருக்கா எங்க வீட்ல?"

அஞ்சு என்று எழுதினாள். அவர் திட்டிக்கொண்டே போனார். அடுத்தது தையல்காரம்மா, தையல் மெஷினின் தலையை இடுப்பில் சுமந்துகொண்டு, இரண்டு பிள்ளைகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். "இந்தக் கனத்தைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அலைய வச்சியேடி. என் இடுப்புப் போச்சு. இதுக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றாள்.

"சொல்றேன். நாலு இருபத்தஞ்சு. மூணு பேரு. சரியா?"

"சரி" என்றாள் தையல்காரம்மா. மெஷினை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "அடுத்த தடவையும் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டினாள்.

அவர்களுக்குப் பின்னால் தெருமுனையிலிருந்து ஒருத்தர் பின் ஒருத்தராக வந்துகொண்டிருந்தார்கள். தூரத்திலேயே குரல் கேட்டது. யாரோ அவளை ஏசினார்கள். யாரோ அதற்குச் சிரித்தார்கள். ஒரு குழந்தை நடக்க மாட்டேன் என்று அழுதது.

அம்மா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். தாளை எட்டிப் பார்த்தாள். கட்டங்களின் முதல் வரியில் அவர்கள் வீட்டு எண். கிளம்பிய நேரம் 12.00, வந்த நேரம் 4.02. ஆட்கள் என்ற இடத்தில் பெரியவள் நான்கு என்று எழுதி, அதை அடித்து, மூன்று என்று எழுதியிருந்தாள்.

"டீ ஆறுது, குடி" என்றாள் அம்மா.

"இதோம்மா. அடுத்த வீடு வருது."